வெண்முகில் மீன் வீட்டில் குஞ்சு பொரிக்குமா?

குழந்தைகளுக்குப் பொம்மை வாங்கிக் கொடுத்து அலுத்துப்போன தகப்பனார் எவராவது, கடைத்தெருவில் மீன் விற்கும் கடை முன்னால் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டாரானால், அன்று மாலையே அவர் வீட்டுக்கு ஒரு கண்ணாடித் தொட்டி வந்து சேரும் என்பது நிச்சயம். முதல் வாரம் வீட்டில் ஒரே உற்சாகம். பள்ளிக்கூடத்திலிருந்து வரும் குழந்தைகள் புஸ்தகப் பையைக்கூட இறக்கி வைக்காமல் தொட்டியின் முன்னால் போய் உட்காருவார்கள். பாட்டியம்மாளும் தம் பங்குக்கு நாலு சோற்றுப் பருக்கைகளைப் போட்டுப் புண்ணியம் தேடிக்கொள்வார். ஒரு மாதம் ஆகும்போது ஜலம் கலங்கும், மீன் ஒன்று மிதக்கும், பிறகு மற்றொன்று. கடைசியில் தொட்டி மாடிப்படிக்குக் கீழே போய்விடும். அதில் பழைய குடையும் உடைந்த விசிறியும் குடியேறிவிடும். "இந்த மீன்களுக்கு ஆயுசே அவ்வளவுதான்" என்று தகப்பனார் தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

தீர்ப்பு சரியானதல்ல. ஒரு மாதத்தில் இறந்துபோகும் அந்தச் சின்னஞ்சிறு மீன்களில் பல, நன்றாகப் பராமரித்தால் மூன்று வருஷமும் ஐந்து வருஷமும் உயிர்வாழக் கூடியவை. அவை சௌக்கியமாக இருக்கின்றனவா என்பதைத் தெரிந்துகொள்ளக் கடைக்காரரைக் கேட்க வேண்டியதில்லை, மீன்களே தெரிவித்துவிடும். முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் மீன் தன் இருப்பிடத்தில் திருப்தியாக இருக்கிறது. உயிரோடு மட்டும் இருக்கும் மீன் சகித்துக்கொண்டிருக்கிறது. ஆகவே மீன் வளர்க்கிறவர்கள் அதைக் குஞ்சு பொரிக்கச் செய்வது வரையில் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் அபிப்பிராயம். இது வெறும் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு, குளிர்ந்த நீரில் வாழும் ஒரு சிறு மீனின் சரித்திரத்தைச் சொல்லுகிறேன். சாதாரணக் குடும்பங்கள் தங்கள் வீட்டுத் தொட்டிகளில் அதைத் தலைமுறை தலைமுறையாகக் குஞ்சு பொரிக்கச் செய்திராவிட்டால், இன்று அதை நாம் பார்ப்பதே அரிதாகியிருக்கும்.

சீன தேசத்தின் தெற்கே காண்டன் என்று நம் பெரியவர்கள் சொல்லிவந்த நகரத்துக்கு இப்போது குவாங்சோ என்று பெயர். அந்நகரத்தின் வட புறத்தில் பையுன் என்னும் மலை இருக்கிறது. மலை என்றதும் இமயத்தை நினைக்க வேண்டாம். அதன் மிக உயர்ந்த சிகரமே சுமார் 380 மீட்டர்தான். ஆனால் மழைக்குப் பின் அதன் உச்சியை வெள்ளை மேகங்கள் வந்து தழுவிக்கொள்ளும். அதனாலேயே பையுன், அதாவது வெண்முகில், என்று அதற்குப் பெயர் வந்தது. இந்த மலையின் ஓடைகளில் டான் காம் ஃபெய் என்ற ஒரு சாரணர் தலைவர் ஒரு சிறு மீனைக் கண்டெடுத்தார். லின் ஷு யென் என்னும் சீன மீன் சாஸ்திர நிபுணர் அதை ஆராய்ந்து, இதுவரை உலகம் அறியாத மீன் இது என்று 1932-ல் பிரசுரம் செய்தார். லத்தீன் மொழியில் அவர் இட்ட பெயர் தானிக்திஸ் அல்போனுபெஸ். முதற் சொல்லுக்கு 'டான் கண்ட மீன்' என்று அர்த்தம். இரண்டாவது சொல்லுக்கு 'வெண்முகில்' என்று அர்த்தம். ராஜாக்கள் பெயரையும் பிரபுக்கள் பெயரையும் ஜந்துக்களுக்குச் சூட்டுவது சாஸ்திர உலகில் சகஜம். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மலையேறும் ஒரு சாரணரின் பெயர் ஒரு மீனுக்கு அமைந்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இந்த மீன் எப்படியிருக்கும்? முழு வளர்ச்சி அடைந்தாலும் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் போவது அபூர்வம். முதுகு பழுப்பு. கண்ணிலிருந்து வால் வரையில் பொன்னும் ரோஜாவும் கலந்தாற்போல ஒரு கோடு ஓடும். அதன் கீழே கருநீலமாக இன்னொரு கோடு. வாலிலும் முதுகுத் துடுப்பிலும் நல்ல சிவப்பு. குஞ்சாயிருக்கும்போது அந்தக் கோடு நீலமும் பச்சையுமாக மின்சார விளக்குப்போல் ஜ்வலிக்கும். அமேசான் நதிப் பிரதேசத்திலிருந்து 1936-ல் வெளியுலகுக்கு அறிமுகமான நியான் மீன் யானை விலை விற்ற காலத்தில், மேல்நாட்டார் நமது சீன மீனை 'ஏழையின் நியான்' என்று அழைத்தார்கள். ஏழை என்ற அந்தப் பெயரே அதற்கு நன்மையாக முடிந்தது. விலை மலிவு, உடம்பு திடம், உஷ்ண யந்திரம் தேவையில்லை. ஆகையால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல்லாயிரம் வீடுகளில் அது புகுந்துவிட்டது. புகுந்த இடத்திலெல்லாம் குஞ்சு பொரித்தது.

இதற்கிடையில் சொந்த ஊரில் நடந்தது வேறு. குவாங்சோ நகரம் வளர்ந்து மலையடிவாரம் வரையில் வந்தது. ஓடைகளின் கரையில் கட்டடங்களும் பாதைகளும் எழுந்தன. உல்லாசப் பிரயாணிகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். நீர் அழுக்காயிற்று. 1980-க்குப் பிறகு சுமார் இருபது வருஷ காலம் இந்த மீனை இயற்கையில் கண்டவர் ஒருவருமில்லை. பூண்டோடு போய்விட்டது என்றே நிபுணர்கள் முடிவு கட்டினார்கள். சீன அரசாங்கம் 1988-ல் அதை இரண்டாம் வகுப்புப் பாதுகாப்புக்குரிய ஜீவராசிகளின் பட்டியலில் சேர்த்தது. சட்டம் காப்பாற்றுவதற்கு ஓடையில் மீன் இருந்தால் அல்லவா? அந்த இருபது வருஷமும் வெண்முகில் மீன் உயிரோடிருந்தது கண்ணாடித் தொட்டிகளிலேதான். லண்டனில் ஒரு தையற்காரர் வீட்டுக் கூடத்திலும், நியூயார்க்கில் ஒரு பள்ளிப் பையனின் படுக்கை அறையிலும் இருந்த தொட்டிகளை இங்கே மனத்தில் நினைத்துக்கொள்ளலாம். இவர்களில் எவரும் ஒரு ஜாதியைக் காப்பாற்றப் போகிறோம் என்று சங்கல்பம் செய்துகொண்டு ஆரம்பித்தவர்கள் அல்ல. அழகாயிருக்கிறதே என்று வாங்கினார்கள். குஞ்சு பொரித்ததும் அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்தார்கள். பிற்பாடு, இரண்டாயிரமாவது ஆண்டை ஒட்டிய காலத்தில், குவாங்டாங் மாகாணத்தின் வேறு சில ஓடைகளிலும் ஹைனான் தீவிலும் இம்மீனின் சிறு கூட்டங்கள் தென்பட்டன. ஆயினும் அவை எண்ணிக்கையில் சொற்பம்.

இனி, அதைக் குஞ்சு பொரிக்கச் செய்யும் விதத்துக்கு வருவோம். முதலில் ஜலத்தின் குளிர்ச்சி. இந்த விஷயத்தில்தான் நம்மவர்களில் அநேகர் கோட்டை விடுகிறார்கள். குவாங்சோவில் ஜனவரி மாதத்துச் சராசரி உஷ்ணம் 13 அல்லது 14 டிகிரி சென்டிகிரேட். அந்த மலையோடை மீன் குளிர்காலம் என்றால் என்ன என்பதை அறிந்த மீன். 18 முதல் 22 டிகிரி வரையில் உள்ள ஜலம் அதற்கு உத்தமம். 10 டிகிரிக்குக் கீழே போனாலும் சாகாது. சோர்ந்து அடியில் ஒதுங்கியிருக்கும். ஆனால் 28, 30 என்று நாள் கணக்கில் நீடித்தால் அதன் ஆயுசு தேயும்; முட்டை நினைப்பே வராது. இதற்குக் காரணம் உஷ்ணம் மட்டுமல்ல. 20 டிகிரியில் ஒரு லிட்டர் ஜலம் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தன்னுள் வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான் தாங்கும். ஜலம் சுடச்சுட மீனுக்கு மூச்சு அதிகம் வேண்டும். அப்பொழுதுதான் ஜலத்தில் பிராணவாயு குறைகிறது. இக்கட்டு எப்படி வருகிறது, பார்த்தீர்களா?

ஆகையால், உதகமண்டலத்திலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் கொடைக்கானலிலும் வசிக்கும் நேயர்கள் இதில் பாக்கியசாலிகள். அவர்கள் வீட்டு ஜலமே இந்த மீனுக்கு ஏற்ற ஜலம். ஏற்காட்டுக்காரர்களும் கோடை நாலு வாரத்தைச் சமாளித்துவிட்டால் போதும். சென்னையிலோ மதுரையிலோ இருப்பவர்கள், மின்சாரக் குளிர்விக்கும் யந்திரம் வாங்கச் சக்தியில்லாவிட்டால், இந்த மீனை வாங்காமலிருப்பதே தர்மம். தொட்டியின் மேல் விசிறியை ஓடவிட்டால் ஜலம் ஆவியாகி இரண்டு மூன்று டிகிரி இறங்கும் என்பது வாஸ்தவம். மேல்பூச்சில்லாத மண் தொட்டியில் வளர்த்தால், பானைத் தண்ணீர் குளிர்வதுபோல் அதுவும் சற்றுக் குளிரும். சித்திரை மாதத்தில் இந்த இரண்டும் போதா. ஐஸ் கட்டியை எடுத்துத் தொட்டியில் போடும் சூரர்களும் உண்டு. ஒரு மணி நேரத்தில் ஐந்து டிகிரி இறங்கினால் மீனுக்கு வருவது குளிர்ச்சியல்ல, ஜன்னி.

சமவெளிக்காரர்கள் மனமுடைய வேண்டாம். அவர்களுக்கென்று ஜப்பான் தேசத்து மெடாக்கா இருக்கிறது. நெல் வயலில் வாழும் மீன் அது. பனியையும் தாங்கும், வெயிலையும் தாங்கும். ஜப்பானியர்கள் அதை வாசலில் மண் சட்டியில் தாமரைக்கொடியோடு வளர்ப்பார்கள். பெண் மீன் விடியற்காலையில் முட்டையிட்டு, அவற்றைத் திராட்சைக் கொத்துப்போல் வயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டே சில மணி நேரம் திரியும். பிறகு ஏதாவது ஒரு செடியில் ஒட்டிவிடும். நாளுக்குப் பதிமூன்று பதினாலு மணி நேரம் வெளிச்சமும் ஜலத்தில் 25 டிகிரி உஷ்ணமும் இருந்தால் தினந்தோறும் முட்டையிடும். பத்து நாளில் குஞ்சு வெளிவரும். 1994-ல் கொலம்பியா என்னும் ஆகாயக் கப்பலில் நான்கு மெடாக்கா மீன்களை அனுப்பினார்கள். அவை அந்தரத்திலேயே முட்டையிட்டுக் குஞ்சும் பொரித்தன! அப்படிப்பட்ட மீனும் வாய்க்கால்களுக்கு சிமெண்டு பூசியதாலும் அயல் மீன்கள் புகுந்ததாலும் குறைந்துபோய், 1999-ல் ஜப்பானிய அரசாங்கத்தின் அபாயப் பட்டியலில் இடம் பெற்றது. இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு தாயாதி உண்டு. சென்னைப் பட்டாளத்தில் வைத்தியராயிருந்த ஜெர்டன் என்ற ஆங்கிலேயர் 1849-ல் அதை வர்ணித்து, கர்நாடகச் சீமையின் பெயரையே அதற்கு வைத்தார். மெடாக்காவைப்பற்றித் தனியே எழுத வேண்டும். இப்போது நமது சீன விருந்தாளியிடம் திரும்புவோம்.

மீன் வாங்கும்போது ஒரு ஜோடி வாங்காதீர்கள். கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பதுபோல் ஆண் ஒன்று, பெண் ஒன்று என்று கேட்பது வழக்கமாயிருக்கிறது. வெண்முகில் மீன் கூட்டத்தில் வாழ்வது. இரண்டு மட்டும் இருந்தால் பயந்து செடிக்குள் ஒளிந்துகொள்ளும், நிறமும் வெளுக்கும். எட்டு அல்லது பத்து வாங்க வேண்டும். அவற்றையும் ஒரே கடையில் ஒரே தொட்டியிலிருந்து எடுக்காமல், இரண்டு மூன்று இடங்களில் வாங்குவது நலம். சென்னைக் கொளத்தூரைப் போல் பல கடைகள் சேர்ந்திருக்கும் இடத்தில் இது சிரமமல்ல. காரணத்தைப் பிறகு சொல்லுகிறேன். ஆணையும் பெண்ணையும் அடையாளம் காண்பது எளிது. ஆண் மெலிந்து நிறம் தூக்கலாக இருக்கும். முதுகுத் துடுப்பும் அடித்துடுப்பும் பெரியவை. பெண் மேலிருந்து பார்த்தால் வயிறு பருத்துத் தெரியும்.

நாற்பது லிட்டர் கொள்ளும் தொட்டி பத்து மீன்களுக்குப் போதும். குழாய் ஜலமானால் அகலமான பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்து, குளோரின் நெடி போன பிறகு ஊற்ற வேண்டும். அடியில் மணல், பின்புறம் நெருக்கமாகப் பாசி. நம் குளங்களில் கிடைக்கும் வேலம்பாசி நல்லது. கடைகளில் விற்கும் ஜாவா பாசி இன்னும் நல்லது. வடிகட்டியென்றால் காற்றுக் குமிழி விட்டுப் பஞ்சு வழியாக ஜலத்தை இழுக்கும் எளிய வகையே தகுந்தது. மற்ற வகைகள் குஞ்சையும் சேர்த்து இழுத்து விழுங்கிவிடும். தொட்டிக்கு மூடி அவசியம். இந்த மீன் துள்ளிக் குதிக்கும். காலையில் தரையில் கருவாடாகக் கிடக்கும்.

முட்டைக்குத் தயார் செய்வது ஆகாரத்தாலும் குளிரினாலும். மார்கழி, தை மாதங்களில் ஜலம் 15, 16 டிகிரிக்கு இறங்கினால் இறங்கட்டும்; ஐந்தாறு வாரம் அந்த ஓய்வு அவற்றுக்குத் தேவை. அந்தக் காலத்தில் ஆகாரமும் குறைவாகவே போட வேண்டும். பிறகு மாசியில் பகல் நீண்டு, ஜலம் 20-ஐத் தாண்டும்போது உயிருள்ள இரை கொடுக்கத் தொடங்குங்கள். எல்லாவற்றிலும் சிறந்தது கொசுப்புழு. வாளியில் ஜலம் எடுத்து வெளியில் வைத்தால் ஒரு வாரத்தில் கொசுக்கள் தாமாகவே வந்து முட்டையிட்டுவிடும். நாம் செய்ய வேண்டியது வடிகட்டி எடுப்பது மட்டும். மீன்கள் பாய்ந்து பாய்ந்து தின்பதைப் பார்த்தால், இரவெல்லாம் நம்மைத் தூங்கவிடாதவர்கள்மேல் பழி தீர்த்துக்கொண்டது போன்ற திருப்தி உண்டாகும். ஆனால் வாளியை மறந்துவிட்டால் பழி நம்மேலேயே திரும்பும். தினமும் வடிகட்ட வேண்டும். மிஞ்சியதைக் காய்ந்த தரையில் கொட்டிவிட வேண்டும். டெங்கு பரவும் ஊரானால் இந்த வாளி வேலையே கூடாது. கடையில் டாஃப்னியா என்னும் தண்ணீர்ப் பூச்சி கிடைக்கும்.

இப்படி இரண்டு வாரம் போஷித்தால் பெண் மீனின் வயிறு நிறைந்துவிடும். அப்பொழுது ஆண் மீன்கள் செய்யும் ஆர்ப்பாட்டத்தைக் குழந்தைகளுக்குக் காட்ட வேண்டும். இரண்டு ஆண்கள் பக்கத்தில் பக்கம் வந்து, துடுப்புகளையெல்லாம் விசிறிபோல் விரித்துக்கொண்டு, ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி வரும். கடிப்பதில்லை, காயப்படுத்துவதில்லை. யார் துடுப்பு அகலம், யார் சிவப்பு அழகு என்ற போட்டிதான். ஜயித்தவர் பெண் மீனைப் பாசிக்குள் அழைத்துக்கொண்டு போவார். ஒரு கணம் இரண்டும் உடலோடு உடல் நெருங்கி நடுங்கும். கடுகில் பாதியளவுள்ள ஓரிரண்டு முட்டைகள் பாசியில் சிதறும். கண்ணாடிபோல் இருப்பதால் கூர்ந்து பார்த்தாலொழியத் தெரியாது. பெரும்பாலும் காலை வேளையில் இது நடக்கும். ஒரே நாளில் நூற்றுக்கணக்காக இட்டு ஓய்ந்துவிடும் ஜாதியல்ல இது. தினம் கொஞ்சமாகப் பல நாள் இடும்.

இங்கே இரண்டு வழி உண்டு. ஒன்று, ஒன்றும் செய்யாமலிருப்பது. வெண்முகில் மீன் மற்ற சிறு மீன்களைப்போல் தன் முட்டையைத் தேடித் தேடித் தின்னும் கொடுமைக்காரனல்ல. வயிறு நிறைந்திருந்து, பாசியும் அடர்த்தியாக இருந்தால், வாரத்துக்கு இரண்டு மூன்று குஞ்சுகளாவது பிழைத்து மேலே வரும். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு இதுவே போதும் என்பேன். மற்ற வழி, பதினைந்து லிட்டர் கொள்ளும் தனித் தொட்டியில் முக்கால் சாண் உயரத்துக்குப் பழைய தொட்டியின் ஜலத்தையே ஊற்றி, பாசியைப் பரப்பி, இரண்டு ஆணும் மூன்று பெண்ணுமாக விட்டு, மூன்று நாலு நாள் கழித்துப் பெரியவர்களை எடுத்துவிடுவது. இதில் ஐம்பது அறுபது குஞ்சுகள் கூடக் கிடைக்கலாம். ஆனால் அத்தனை வாய்களுக்கும் ஆகாரம் தேட வேண்டியவர் நீங்கள்.

22 டிகிரியில் சுமார் இரண்டு நாளில் முட்டை பொரியும். வெள்ளையாகிப் பஞ்சுபோல் பூசணம் பிடித்தவை கருத்தரிக்காத முட்டைகள். இங்க் பில்லரால் உறிஞ்சி எடுத்துவிடலாம். பொரிந்த குஞ்சைக் குஞ்சு என்று நம்புவது கடினம். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் மயிரிழைத் துண்டு. அதில் இரண்டு கரும்புள்ளிகள் கண்கள். மேலும் இரண்டு மூன்று நாள் வயிற்றிலுள்ள கருவைத் தின்று தொங்கிக்கொண்டிருக்கும். பிறகு ஜலமட்டத்துக்கு வந்து நீந்தத் தொடங்கும். அன்றுதான் நமக்குப் பரீட்சை. குஞ்சு பொரிந்தும் பிழைக்கவில்லை என்று சொல்லும் வீடுகளில் பெரும்பாலும் நேர்ந்தது பட்டினிச் சாவுதான். அந்த வாய்க்குள் கடையில் விற்கும் பொடி எதுவும் நுழையாது.

அதற்கு வேண்டியது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவற்றை வீட்டிலேயே வளர்க்கலாம். ஆனால் மீன்கள் முட்டையிடுவதற்கு ஒரு வாரம் முந்தியே தொடங்க வேண்டும். வாயகன்ற சீசா ஒன்றில் பழைய தொட்டியின் ஜலத்தை நிரப்பி, ஒரு சிறு வாழைப்பழத் தோலையோ முட்டைக்கோஸ் இலைத் துண்டையோ போட்டு, மல் துணியால் வாயைக் கட்டி, வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். இரண்டாம் மூன்றாம் நாள் ஜலம் பால்போல் கலங்கும், நாற்றம் எடுக்கும். வீட்டு எஜமானியம்மாளிடம் முன்னதாகச் சொல்லி வைத்திராவிட்டால் சீசா அன்றே சாக்கடைக்குப் போய்விடும். ஐந்தாறு நாளில் கலங்கல் தெளியும், நாற்றமும் அடங்கும். அப்போது சீசாவை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், தூசுகள் தாமாக நகர்வது தெரியும். அந்தத் தூசுகளே ஆகாரம். நாளைக்கு நாலைந்து தடவை ஒரு கரண்டி வீதம் குஞ்சுத் தொட்டியில் விட வேண்டும். இரண்டு சீசாக்களை நாலு நாள் இடைவெளி விட்டுத் தயாரித்தால் தட்டில்லாமல் வரும். அவித்த முட்டையின் மஞ்சட் கருவைத் துணியில் பிழிந்து விடுவோரும் உண்டு. அது ஜலத்தை ஒரே நாளில் கெடுத்துவிடும். முட்டை நுழையாத வீடுகளுக்கு இதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

ஒரு வாரம் பத்து நாள் சென்றதும் வயிறு பெருத்திருக்கும். அப்பொழுது ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ப் பூச்சியின் முட்டையைக் கடையில் வாங்கி, லிட்டருக்கு 25 கிராம் உப்பு கரைத்த ஜலத்தில் போட்டுக் காற்றுக் குமிழி விட்டால், ஒன்று ஒன்றரை நாளில் செம்மஞ்சள் பூச்சிகள் வெளிவரும். துணியில் வடிகட்டி, நல்ல ஜலத்தில் அலசிக் கொடுக்க வேண்டும். குஞ்சுகளின் வயிறு செம்மஞ்சளாகத் தெரிந்தால் பிழைத்துக்கொண்டன என்று நிம்மதியாக இருக்கலாம். தினம் பத்தில் ஒரு பங்கு ஜலத்தை மெல்லிய குழாயால் எடுத்து, அதே உஷ்ணத்திலுள்ள புது ஜலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். குழாயின் வாயில் துணி கட்ட மறக்க வேண்டாம்.

ஒரு மாதத்தில் அந்த நீலப் பச்சைக் கோடு தோன்றும். சாயங்கால வேளையில் விளக்கேற்றிப் பார்த்தால், தொட்டியில் நாற்பது மின்மினிகள் வரிசையாகப் போவதுபோல் இருக்கும். இந்த அழகு பெரியவர்களான பிறகு மங்கிவிடுகிறது. ஆகவே குஞ்சு பொரிக்கச் செய்யாதவர்கள் இதைக் காணமுடியாது. வயதில் மூத்த குஞ்சுகள் இளையவற்றைத் தின்னும். மூன்று வாரத்துக்கு மேல் வித்தியாசமுள்ளவற்றைப் பிரித்து வைக்க வேண்டும்.

இரண்டு மூன்று கடைகளில் வாங்கச் சொன்னதன் காரணத்தை இப்போது சொல்லுகிறேன். பண்ணைகளில் ஒரு சில பெற்றோரைக் கொண்டு தலைமுறை தலைமுறையாகப் பெருக்கும்போது, உடன்பிறந்தவைகளே மறுபடி மறுபடி இணைகின்றன. வம்சம் நலிகிறது. கூன் முதுகும், வளைந்த வாலும், பொரியாத முட்டையும் தோன்றுகின்றன. காட்டில் சொற்பமே இருக்கும் ஒரு ஜாதிக்கு வீட்டுத் தொட்டி ஒரு களஞ்சியம் என்றால், களஞ்சியத்தில் இருப்பது பதராகப் போகக்கூடாது. இரண்டு தலைமுறைக்கு ஒரு தடவையாவது வேறொருவர் வீட்டு மீன்களோடு பாதியை மாற்றிக்கொள்ள வேண்டும். பொன்னிறமாகவும் நீண்ட துடுப்போடும் மனிதர் தெரிந்தெடுத்து உண்டாக்கிய ரகங்கள் விற்கிறார்கள். அவையும் அழகுதான், ஆனால் பழைய நிறத்து மீன்களோடு ஒரே தொட்டியில் விட வேண்டாம்.

குஞ்சுகள் மிகுந்துவிட்டன என்று ஓடையிலோ ஏரியிலோ கொண்டுபோய் விடுவது பெருந்தவறு. உதகையில் இருப்பவர்களுக்கு இதை இரண்டு தடவை சொல்ல வேண்டும். ஏனெனில் அங்குள்ள ஜலம் இந்த மீனுக்குப் பிடித்துப்போகும். கொசுவை ஒழிக்கும் என்று நம்பி 1928-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த காம்பூசியா மீன், இங்குள்ள சிறு மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்று பெருகியது. ஜப்பானில் மெடாக்காவை விரட்டிய அயல் மீன்களிலும் இதுதான் முதன்மையானது. வெண்முகில் மீன் அத்தனை துஷ்டனல்ல. ஆனாலும் நமது மலையோடைக்கு அது அந்நியன். அதன் உடம்பில் வரும் நோய்களும் அந்நிய நோய்கள்.

மிகுந்தவற்றை மனிதர்களுக்கே கொடுக்க வேண்டும். ஆறு மாதத்தில் இந்தக் குஞ்சுகளே முட்டையிடத் தயாராகிவிடும்; அதற்கு முன்பே, நாலாம் மாதத்தில், கொடுத்துவிடுவது உசிதம். எதிர் வீட்டுப் பையன் கேட்டால் இரண்டு மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள்; ஆறாவது கொடுங்கள். அதோடு ஒரு பிடி பாசியும், பழைய ஜலம் ஒரு சீசாவும், தாய் தந்தை மீன்கள் எந்தெந்தக் கடையில் வாங்கியவை, குஞ்சு பொரித்த தேதி என்ன, அன்று ஜலத்தின் உஷ்ணம் எவ்வளவு என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டும் சேர்த்துக் கொடுங்கள்.